ஃபிளமெங்கோ பாட்டு கேட்கத் தொடங்குவோருக்கு: பஸ்தோரா பவோன் என்ற ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு

ஃபிளமெங்கோ என்றதும் நம்மில் பலருக்குப் புள்ளி போட்ட பாவாடையும் தரை அதிரக் குதிகால் தட்டும் ஆட்டமும்தான் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி கிதார். பாட்டு என்று ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ தொண்டை கிழியக் கத்துவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியாவில் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டால் வரிசையைத் தலைகீழாகச் சொல்வார். முதலில் காந்தே, அதாவது பாட்டு. கிதாரும் ஆட்டமும் அதன்மேல் வளர்ந்தவை.

இந்த வழிகாட்டி காந்தேவுக்கு மட்டுமானது. கேட்க வேண்டிய ஐம்பது பாட்டுகள் என்று பட்டியல் தரப் போவதில்லை. அந்த மாதிரிப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் மூன்றாவது பாட்டிலேயே எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு பாடகரை எடுத்துக்கொண்டு அவரோடு சில வாரங்கள் இருப்பதுதான் நல்ல வழி. நான் சிபாரிசு செய்வது பஸ்தோரா பவோன். மேடைப் பெயர் லா நீன்யா தே லோஸ் பெய்னெஸ், சீப்புகளின் சிறுமி.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1890 பிப்ரவரியில் செவில்லாவில் ஹிதானோ குடும்பமொன்றில் பிறந்தவர். ஹிதானோ என்பது ஸ்பெயினின் ரோமா மக்களைக் குறிக்கும் பெயர். அண்ணன் அர்த்தூரோ, தம்பி தொமாஸ் இருவரும் பாடகர்கள். தொமாஸ் பவோன் பிற்காலத்தில் அக்காவுக்குச் சமமாக மதிக்கப்பட்டவர். பஸ்தோரா சின்ன வயதிலேயே காசுக்காகப் பாட வந்துவிட்டார். 'என் சீப்பால் தலை வாரிக்கொள், என் சீப்புகள் இலவங்கப்பட்டை' என்ற பொருளில் வரும் ஒரு குறும்பான பாட்டை அவர் அடிக்கடி பாட, அந்தச் சீப்பே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

அன்று பாடகர்கள் பிழைத்த இடம் 'கஃபே காந்தாந்தே'. மது விற்கும் கூடம், ஓரத்தில் ஒரு சின்ன மேடை, இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும். அங்கிருந்து நாடக அரங்கு, அதன் பிறகு காளைச் சண்டை மைதானங்களை நிரப்பிய பெரிய நிகழ்ச்சிகள் என்று காலம் மாற மாற பஸ்தோராவும் இடம் மாறிக்கொண்டே வந்தார். 1910இல் தொடங்கி 1950 வரை இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளை இசைத்தட்டில் பதித்தார். கணவர் பெப்பே பிந்தோவும் பாடகர். செவில்லாவின் மையத்தில், லா காம்பானாவில், சொந்தமாக ஒரு மதுக்கடை வைத்திருந்தார். மேடையை விட்டு ஒதுங்கிய பிறகு பஸ்தோரா பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். 1968இல் அலமேதா தே எர்குலெஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 அக்டோபரில் கணவரும் நவம்பரில் அவரும் இறந்தார்கள்.

1999இல் அண்டலூசிய அரசு அவருடைய குரலைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. தேவாலயங்களும் கோட்டைகளும் இருக்கும் பட்டியலில் பழைய தட்டுகளில் பதிந்திருக்கும் ஒரு குரல்!

இவரை ஏன் முதலில் கேட்க வேண்டும்? பெரும்பாலான பாடகர்களுக்கு நான்கைந்து வடிவங்கள்தான் கைவந்திருக்கும். பஸ்தோரா ஏறக்குறைய எல்லாவற்றையும் பாடினார்: கொண்டாட்டப் பாட்டு, துக்கப் பாட்டு, புனித வாரத்து ஊர்வலப் பாட்டு என்று. குரல் உடைந்த குரல் அல்ல; பழகாத காதுக்கும் பிடிபடும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஃபிளமெங்கோ என்றாலே உள்ளிருந்து பொங்கும் கண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, அதிலுள்ள வேலைப்பாட்டை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பஸ்தோராவைக் கேட்டால் அது நடக்காது. தாளத்துக்குள் சொல்லை எங்கே வைப்பது, மூச்சை எங்கே வெட்டுவது, எந்த வரியில் குரலை ஏற்றுவது என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்யும் தொழில்காரரின் பாட்டு அது.

படி 1: சரியான ஒலிப்பதிவு

பஸ்தோரா பாடியவை எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும், அதனால் எல்லாப் பாட்டும் அந்த அளவுக்குள் முடிந்துவிடும். 1920களின் நடுப்பகுதி வரை மைக் கிடையாது. ஊதுகுழல் வாய்க்குள் நேராகப் பாட வேண்டும். அந்தத் தட்டுகளில் குரல் தகரத்தில் மோதி வருவதுபோல் இருக்கும், கிதார் எங்கோ தூரத்தில் கேட்கும்.

எனவே பின்னிருந்து முன்னால் போங்கள். முதலில் 1940களின் இறுதியில் கிதார் கலைஞர் மெல்சோர் தே மார்செனாவோடு பதித்தவை. அடுத்து 1920களின் கடைசியிலும் 1930களிலும் நீன்யோ ரிகார்தோ வாசித்தவை. காது பழகிய பிறகு 1910களின் தட்டுகளுக்குப் போனால் இருபது வயதுப் பெண்ணின் துடிப்பான குரல் இரைச்சலுக்கு நடுவிலும் பிடிபடும்.

பழைய தட்டுகளை இணையத்தில் ஏற்றியவர்கள் சுழற்சி வேகத்தைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பாட்டு ஓரிடத்தில் கீச்சென்றும் இன்னோரிடத்தில் தணிந்தும் கேட்டால் குற்றம் பாடகருடையது அல்ல. இரைச்சலை அறவே நீக்கிய பதிப்புகளில் குரலின் ஓரங்களும் மழுங்கிப் போயிருக்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். கைபேசியின் ஒலிபெருக்கி வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். தேடும்போது இயற்பெயர், பட்டப்பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள், தொகுப்புகள் இரண்டு பெயரிலும் கிடக்கின்றன.

படி 2: தாங்கோஸில் தொடங்குங்கள்

ஃபிளமெங்கோவில் பாட்டு வடிவத்துக்கு 'பாலோ' என்று பெயர். தாளம், இசைச்சட்டகம், மனநிலை மூன்றும் சேர்ந்தது அது. ஐம்பதுக்கு மேல் உண்டு என்பார்கள், நமக்கு இப்போதைக்குச் சில போதும்.

முதலாவது தாங்கோஸ். அர்ஜென்டினாவின் டாங்கோ நடனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கு எண்ணிக்கைத் தாளம், கால் தானாகவே ஆடும். கைதட்டுவோர் முதல் எண்ணில் சும்மா இருந்துவிட்டு இரண்டு, மூன்று, நான்கில் தட்டுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் எண்ணில் கையை அடக்கி வைப்பது தொடக்கத்தில் சிரமமாகத்தான் இருக்கும். வந்துவிட்டால் பாடகர் அந்தக் காலி இடத்தோடு எப்படி விளையாடுகிறார் என்பது தெரியத் தொடங்கும். பஸ்தோரா சொல்லை எண்ணின்மேல் வைப்பதே அபூர்வம். சற்று முன்னால், அல்லது கடைசி நொடி வரை இழுத்து. தாளம் தவறிவிட்டார் என்று நினைக்கும்போது சரியாக வந்து இறங்கியிருப்பார்.

படி 3: ஒரு சொலெயாவைப் பிரித்துப் பாருங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சொலெயா என்ற இந்த இரண்டாவது வடிவம் புரிந்தால் மற்றவற்றுக்கான சாவி கையில் இருக்கிறது.

பாட்டு கிதாரில் தொடங்கும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப கிதார் கழுத்தில் பிடிப்பான் மாட்டியிருப்பார்கள். பிறகு பாடகர் சொல்லே இல்லாமல் 'ஆய்...' என்று நீட்டுவார். இதை அழுகை என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். அவர் குரலைச் சுருதியில் பொருத்திப் பார்க்கிறார், உடம்பைத் தயார்செய்கிறார், இன்றைக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்று தனக்குத்தானே விசாரித்துக்கொள்கிறார். சில நேரம் அந்த 'ஆய்' ஒன்றுக்கே அரங்கில் 'ஓலே' எழும்.

அடுத்து 'லெத்ரா' எனப்படும் பாட்டின் சொற்கள். மூன்று அல்லது நான்கு வரி, வரிக்கு எட்டு அசை. அவ்வளவு சின்னது. ஒவ்வொரு வரியும் ஒரு 'தெர்சியோ'. பாடகர் ஒரு வரியைப் பாடி, திரும்பப் பாடி, நடுவில் சொல்லையே உடைத்து, அடுத்த வரியோடு மூச்சு விடாமல் சேர்த்து, சில அசைகளை விரித்துச் சிலவற்றை விழுங்கி, அந்த மூன்று வரியை ஒரு முழு நிமிடத்துக்குக் கொண்டுபோவார். வரிகளுக்கு நடுவில் கிதார் பதில் சொல்லும். லெத்ரா முடிந்ததும் கிதார் தனியாக வாசிக்கும் சிறு பகுதி 'ஃபல்செதா'. பிறகு அடுத்த லெத்ரா.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: முதல் லெத்ராவுக்கும் இரண்டாவதுக்கும் பொருளில் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஒன்று தாயின் மரணம், அடுத்தது சேவலடித்த பக்கத்து வீட்டுக்காரி. பல்லவி கிடையாது, கதை கிடையாது. பாடகர் தன் நினைவில் இருக்கும் நூற்றுக்கணக்கான லெத்ராக்களிலிருந்து அன்றைக்கு வந்ததை எடுத்துக் கோக்கிறார். தொடர்ச்சி இருப்பது இசையில்தான். வழக்கமாக முதல் லெத்ரா அடக்கமாக இருக்கும், அடுத்ததில் குரல் ஏறும், கடைசியில் உச்சத்துக்குப் போய் அறுத்து முடிப்பார்கள். பாடலாசிரியர் யார், இசையமைப்பாளர் யார் என்று தேடாதீர்கள். லெத்ராக்களில் பெரும்பாலானவை யாருடையவை என்று தெரியாதவை. மெட்டுகளுக்கு மட்டும் பெயர் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சொலெயாவின் சட்டகத்தில் ஹனுமத்தோடியின் சுரங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வந்து இறங்கும் இடத்தில் அந்தர காந்தாரமும் எட்டிப் பார்க்கும். அப்போது வகுளாபரணத்தின் நிறம் வரும். இரண்டு காந்தாரத்துக்கும் இடையிலான இந்த ஊசலாட்டத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்குமேல் ராகமாகக் கேட்கப் போகாதீர்கள். கமகம் எதிர்பார்த்த இடத்தில் வராது, ஆலாபனைபோல் விரியவும் செய்யாது. பெரும்பாலும் ஐந்தாறு சுரங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

படி 4: பன்னிரண்டு வரை எண்ணப் பழகுங்கள்

சொலெயாவின் தாளச் சுற்றுக்கு 'கொம்பாஸ்' என்று பெயர். பன்னிரண்டு எண்ணிக்கை, அழுத்தம் விழும் இடங்கள் இவை:

1 2 [3] 4 5 [6] 7 [8] 9 [10] 11 [12]

மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரிந்து வருகிறது. முதல் பாதி நிதானமாக நடக்கும், இரண்டாம் பாதி சட்டென்று நெருங்கும். இந்த முடிச்சில்தான் ஃபிளமெங்கோவின் உயிர்.

பயிற்சி இப்படி: பாட்டு இல்லாமல், வாயால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே சீராகச் சொல்லுங்கள். மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் கை தட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். தடுமாறாமல் வந்த பிறகு காலால் எல்லா எண்ணையும் தட்டிக்கொண்டு கையால் அழுத்தங்களை மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகுதான் பாட்டை ஓடவிட வேண்டும். சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் விழித்தால் கிதாரைக் கவனியுங்கள். மூன்றாம் எண்ணில் தன் இருப்பிடத்தைவிட்டு அரைச்சுரம் மேலே நகரும், பத்தில் திரும்பி வந்து அமரும். பாடகரின் வரியும் பெரும்பாலும் பத்தில் முடியும். பதினொன்றும் பன்னிரண்டும் மூச்சுவிட.

புலெரியாஸ் என்ற வடிவத்திலும் இதே அழுத்தங்கள்தான், ஆனால் வேகம் பல மடங்கு. பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். சொலெயாவைச் சரியாக எண்ணத் தெரியாமல் புலெரியாஸுக்குப் போனால் ஒன்றும் பிடிபடாது. அலெக்ரியாஸ் இதே சுற்றில் வரும் மகிழ்ச்சியான காதிஸ் நகரத்துப் பாட்டு. சுரங்கள் சங்கராபரணத்தை ஒட்டியவை என்பதால் நம் காதுக்கு உடனே ஒட்டும்.

சிகிரியா வேறு விதம். காந்தேயிலேயே கனமான துக்கம் இதில்தான். ஐந்து அடி, முதல் இரண்டு குறில், நடு இரண்டு நெடில், கடைசி குறில். அதாவது 2, 2, 3, 3, 2. பஸ்தோராவின் சிகிரியாக்களில் நெடிலடிகளின்மேல் குரலை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், கிதார் எப்படிப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறது என்று பாருங்கள்.

தாளமே இல்லாத வடிவங்களும் உண்டு: மலகேன்யா, கிரனாயினா, தரந்தா. விருத்தம் பாடுவதுபோல் பாடகர் போக, கிதார் பின்னால் வரும். கிதாரும் இல்லாமல் வெறும் குரலில் பாடும் மார்தினேதே, கொல்லுப்பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மேடையில் பாடும்போது பட்டடைமேல் சுத்தியல் விழும் சத்தத்தைச் சேர்ப்பதுண்டு.

படி 5: சொற்கள்

ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் முழுக்கப் புரியாது. அண்டலூசியப் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' காணாமல் போகும், நடுவில் 'த' கரைந்துவிடும். மேட்ரிட்காரர்களே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்பார்கள். எழுதப்பட்ட லெத்ராவை எடுத்து, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பொருளைத் தெரிந்துகொண்டு, பிறகு பாட்டைக் கேளுங்கள். மூன்று வரிதானே.

தாய், சாவு, சிறை, ஏமாற்றிய காதல், மருத்துவமனை, வறுமை. இவை திரும்பத் திரும்ப வரும். சிறை இவ்வளவு வருவதற்கு வரலாறு உண்டு. 1749 ஜூலையில் ஸ்பெயின் முழுவதும் ஹிதானோக்களை ஒரே சமயத்தில் வளைத்துப் பிடித்து, ஆண்களைக் கப்பல்பட்டறைகளில் கட்டாய வேலைக்கும் பெண்களைத் தனியாகவும் அடைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்தே எஞ்சியவர்கள் விடுதலையானார்கள்.

ஃபிளமெங்கோ இந்தியாவிலிருந்து போனது என்று நம்மூரில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரோமா மக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது மொழியியலாலும் மரபணு ஆய்வாலும் உறுதியான செய்தி. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய பதிவு 1425இல் தொடங்குகிறது. ஆனால் ஃபிளமெங்கோ என்று நாம் இன்று கேட்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் அண்டலூசியாவில், ஹிதானோக்களும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியது. தோடியின் சுரங்கள் இருப்பதால் அது நம் இசை ஆகிவிடாது.

படி 6: ஒரே வடிவத்தைப் பல குரலில்

பஸ்தோராவின் சொலெயா நன்றாகப் பழகிவிட்டதா? இப்போது மற்றவர்களிடம் போகலாம். மெட்டுகளுக்குப் பெயர் உண்டு என்றேன் அல்லவா? சொலெயா என்பது ஒரே மெட்டு இல்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபடும் பல மெட்டுகளின் குடும்பம். அல்கலா ஊரின் ஹோவாக்கின் எல் தே லா பவுலாவின் சொலெயா, உத்ரேராவோடு சேர்த்துச் சொல்லப்படும் மெர்செத் லா செர்னேதாவின் சொலெயா, காதிஸின் என்ரிக்கே எல் மெயிசோவின் சொலெயா, திரியானாவின் சொலெயா. ஒரு பாடகர் மூன்று லெத்ராவை மூன்று பேரின் மெட்டில் பாடுவார். ஊரில் கேட்பவர்கள் முதல் வரியிலேயே இது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். இறந்துபோன பாடகர்கள் இப்படித்தான் இன்னும் மேடையில் இருக்கிறார்கள்.

முதலில் தம்பி தொமாஸ் பவோன். பதிவுகள் மிகக் குறைவு. கூட்டத்துக்கு முன் பாடப் பிடிக்காதவர். அக்காவிடம் இருக்கும் அதே சரக்கு, அலங்காரம் இல்லாமல். அடுத்து பெர்னாந்தா தே உத்ரேரா (1923–2006). குரல் கரகரப்பானது, உயர்ந்த சுரத்துக்கு எட்டாமல் தவிப்பதுபோல் இருக்கும். அந்தத் தவிப்பை வைத்தே சொலெயாவின் ராணி என்று பெயர் வாங்கினார். முதல் தடவை கேட்கும்போது என்ன இது என்று தோன்றும். பஸ்தோராவுக்கு முன் இவரைக் கேட்டிருந்தால் ஓடியிருப்பீர்கள், அதனால்தான் இரண்டாவதாக வைத்தேன்.

அடுத்து அந்தோனியோ மைரேனா (1909–1983). கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. ஊர் ஊராகப் போய் முதியவர்களிடமிருந்து மறைந்துகொண்டிருந்த மெட்டுகளைத் திரட்டிப் பாடியவர். 1962இல் கொர்தோபாவில் 'காந்தேயின் தங்கச் சாவி' அவருக்குத் தரப்பட்டது. அதுவரை அதைப் பெற்றவர்கள் இரண்டே பேர். ஒழுங்கான, தெளிவான பாட்டு, பாடப்புத்தகம்போல் கேட்கலாம். அவரைச் சுற்றி ஒரு சண்டையும் உண்டு. ஹிதானோக்களின் வழிவந்ததே உண்மையான காந்தே, மற்றவை இரண்டாம் தரம் என்ற பார்வையை அவர் வலுப்படுத்தினார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கஃபே காந்தாந்தே காலத்தைக் கட்டியெழுப்பிய சில்வேரியோ பிராங்கொனெத்தி ஹிதானோ இல்லை. மலகேன்யாவையும் கிரனாயினாவையும் இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்த அந்தோனியோ சாக்கோனும் இல்லை. ஆனாலும் மைரேனா காப்பாற்றித் தராவிட்டால் பல மெட்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது.

புலெரியாஸுக்கு லா பக்கேரா தே ஹெரெஸ், சிகிரியாவுக்கு மனுவேல் தோர்ரே. கமரோன் தே லா இஸ்லாவைக் கடைசிக்கு வையுங்கள். எல்லோரும் அவரில்தான் தொடங்குகிறார்கள். பழையவர்களைக் கேட்டுவிட்டு அவரிடம் வந்தால் அவர் யாரிடமிருந்து எதை எடுத்தார் என்பது தெரியும். அவருடைய 1970களின் பாட்டு அப்போதுதான் முழுதாகக் கேட்கும்.

பாடகரின் பிழைப்பு

இதைப் படி என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்திருந்தால் காது மாறும்.

பஸ்தோராவின் காலத்தில் அரங்க வாய்ப்பு இல்லாத பாடகர்கள் அலமேதா தே எர்குலெஸ் பக்கத்து மதுக்கடைகளில் இரவு முழுக்கக் காத்திருப்பார்கள். பணக்காரர் யாராவது நண்பர்களோடு வந்து தனி அறையில் பாடக் கூப்பிட மாட்டாரா என்று. கூப்பிட்டால் விடியும்வரை பாட வேண்டும்; எவ்வளவு கொடுப்பார் என்பது அவர் மனதைப் பொறுத்தது. பெண்களுக்கு இன்னும் கடினம். ஹெரெஸின் தியா அனிக்கா லா பிரின்யாக்கா, கணவர் இருந்தவரை வெளியில் பாடவில்லை. கணவர் இறந்த பிறகு, முதிய வயதில்தான் தொழில்முறையில் பாடினார். இந்தப் பின்னணியில் பஸ்தோரா தன் பெயரைச் சுவரொட்டியின் தலையில் போட்டு அரங்கை நிரப்பியதை வைத்துப் பாருங்கள்.

1922 ஜூனில் கிரனாதாவின் அல்ஹாம்ப்ராவில் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் கவிஞர் லோர்க்காவும் நண்பர்களோடு சேர்ந்து காந்தே போட்டி ஒன்றை நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக் கூடாது என்பது விதி. காசுக்குப் பாடுவதால் கலை கெட்டுவிட்டது, கிராமத்துச் சாதாரணர்களிடம்தான் தூய்மை இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். முக்கியப் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் முதியவர் எல் தெனாசாஸ், இன்னொருவர் சிறுவன் மனோலோ கரக்கோல். எல் தெனாசாஸ் பெயர் அதோடு மங்கியது. கரக்கோல் யார்? பரம்பரைப் பாடகர் குடும்பத்துப் பிள்ளை, பிறகு வாழ்நாள் முழுக்கக் காசுக்குப் பாடியவர். போட்டியின் நடுவர் குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தவரோ அக்காலத்தின் மிகப் பெரிய தொழில்முறைப் பாடகர் சாக்கோன்!

பாடகரின் வேலையில் இன்னொரு பிரிவும் உண்டு: ஆட்டத்துக்குப் பின்னால் நின்று பாடுவது, முன்னால் உட்கார்ந்து தனியாகப் பாடுவது. பின்னால் பாடும்போது ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே வரியை நீட்டவும் குறுக்கவும் வேண்டும். மைரேனாவே கார்மென் அமாயா, அந்தோனியோ போன்ற ஆட்டக் கலைஞர்களுக்குப் பல ஆண்டுகள் பின்னால் பாடியவர். இன்றும் இளம் பாடகர்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

'துவெந்தே' என்ற ஆவேசத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். லோர்க்கா 1933இல் புவெனஸ் ஐரஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் பஸ்தோராவைத்தான் உதாரணம் காட்டினார். அழகாகப் பாடி யாரையும் அசைக்க முடியாமல் போன இரவில், நெருப்பாகச் சாராயத்தைக் குடித்துவிட்டு, தொண்டை எரிய, குரலே இல்லாமல் பாடிக் கூட்டத்தை உலுக்கினார் என்பது கதை. நல்ல கதை. ஆனால் குரலைத் தூக்கி எறியவும் முதலில் அது கையில் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே துவெந்தே வந்ததா என்று தேடிக்கொண்டிருந்தால் தாளமும் மெட்டும் காதில் ஏறாது.

நேரில் கேட்கப் போனால்

சுற்றுலாப் பயணிகளுக்கான 'தப்லாவோ' அரங்குகளில் பெரும்பாலும் ஆட்டம்தான் முதலிடம். நல்ல பாடகர்களும் அங்கே இருப்பார்கள், தனிப் பாட்டுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பாட்டுக்காகவே போக வேண்டுமென்றால் 'பேன்யா' எனப்படும் ரசிகர் சங்கங்களைத் தேடுங்கள். அண்டலூசியாவில் சின்ன ஊரிலும் ஒன்று இருக்கும். மிகப் பழையது கிரனாதாவின் லா பிளாதெரியா, 1949இல் தொடங்கியது. பல பேன்யாக்களில் குறிப்பிட்ட இரவுகளில் உறுப்பினர் அல்லாதவர்களையும் விடுவார்கள்.

உள்ளே போனதும் முதல் விதி, பாடகர் பாடும்போது பேசக் கூடாது. கண்ணாடிக் குவளை சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது, கை தட்டாதீர்கள். 'பால்மாஸ்' தட்டுவது தனிக் கலை, அதற்கென்றே ஆட்கள் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பன்னிரண்டு எண்ணிக்கையை விரல் நுனியில் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 'ஓலே'. பாடகர் ஒரு வரியைக் கடினமான இடம்வரை கொண்டுபோய்ச் சரியாக இறக்கும்போது, கிதார் பத்தாம் எண்ணில் அமரும் அந்த இடைவெளியில், தணிந்த குரலில் ஒரு ஓலே. வரிக்கு நடுவில் கத்தினால் புதியவர் என்று உடனே தெரிந்துவிடும். எங்கே சொல்வது என்று புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் வயதானவரைப் பாருங்கள், அவர் சொல்லும்போது சொல்லுங்கள்.

புனித வாரத்தில் செவில்லாவுக்குப் போக வாய்த்தால் ஊர்வலத்தின்போது பால்கனிகளைக் கவனியுங்கள். சிலையைச் சுமந்து வருபவர்கள் நிற்க, மேலிருந்து ஒருவர் துணையிசை இல்லாமல் 'சயேத்தா' பாடுவார். பஸ்தோராவும் இதில் பேர்போனவர்.

விழாக்களில் உத்ரேராவின் பொத்தாஹே ஹிதானோ 1957 முதல் நடக்கிறது, மைரேனா தெல் அல்கோர் ஊரின் விழா 1962 முதல். முர்சியாவின் லா உனியோனில் சுரங்கத் தொழிலாளர் பாட்டுகளுக்கான போட்டி. செவில்லாவின் பியெனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஹெரெஸ் விழா குளிர்கால முடிவில். கோடை விழாக்கள் திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும், விடியும்வரை போனாலும் ஆச்சரியம் இல்லை. பெரிய பாடகர்கள் பெரும்பாலும் கடைசியில் வருவார்கள். எனவே மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். செவில்லாவுக்குத் திரும்பும் கடைசி ரயில் அதற்கு வெகு முன்பே போய்விடும், தங்க இடம் அந்தந்த ஊரிலேயே முன்கூட்டிப் பிடித்துவிடுங்கள்.